தோட்டத்துலேர்ந்தே வெனிலா வாங்குறது எப்படி: டெல்டாக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்துல சின்னதா ஐஸ்கிரீமும் பால் ஐட்டமும் போட்டுக்கிட்டிருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. கடைக்கு வர்றவங்க, வீட்லயே கேக் செஞ்சு ஆர்டர் எடுக்கற தங்கச்சிங்கன்னு மாசத்துக்கு நாலு பேராவது கேட்டுடறாங்க, "அண்ணே இந்த வெனிலா காய் எங்க வாங்குறீங்க, எங்களுக்கும் சேத்து வாங்கித் தாங்களேன்"னு. வாங்கித் தரலாம், ஆனா நாலு தடவை வாங்கித் தந்தா அஞ்சாவது தடவை நானே நடுவுல ஒரு புரோக்கரா நின்னுடுவேன், அதனால நான் எப்படி வாங்குறேன்னு மொத்தத்தையும் எழுதிடறேன், நீங்களே போய் வாங்கிக்கலாம்.

ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன். மளிகைக் கடைல கெடைக்கிற சின்ன பாட்டில் எசன்ஸுல பெரும்பாலும் வெனிலா காய் கிடையாது, அதுல இருக்கறது வெனிலின்ங்கற ஒரே ஒரு பொருள், அத 1874லயே ஜெர்மனிக்காரங்க செயற்கையா செஞ்சு காட்டிட்டாங்க, இப்ப முக்கால்வாசி பெட்ரோலியம் வழியா வர்ற மூலப்பொருள்லேர்ந்துதான் வருது. அது விஷம்லாம் இல்ல. ஆனா நெஜ காய்ல அந்த வெனிலினோட இன்னும் நூத்துக்கணக்குல மணம் சேந்து இருக்கு, பால்ல போட்டு பத்து நிமிஷம் மூடி வச்சு தெறந்தா தெரிஞ்சிடும். அந்த வித்தியாசம் உங்க நாக்குக்கு முக்கியம்னா மேல படிங்க.

எவ்வளவு வேணும்னு மொதல்ல கணக்கு போடுங்க

பதப்படுத்தின நல்ல காய் ஒண்ணு 15 சென்டிமீட்டருக்கு மேல நீளமா இருக்கும், எடை 3லேர்ந்து 5 கிராம் வரும், அப்ப 100 கிராம்னா சுமாரா 25, 30 காய். நான் ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு காய் போடறேன். வீட்ல கேக் போடறவங்களுக்கு 100 கிராம் இருந்தா பல மாசம் ஓடும், சின்ன கடைன்னா அரை கிலோ. எக்ஸ்ட்ராக்ட், அதாவது காய ஆல்கஹால்ல ஊற வச்சு எடுக்கற சாரம், போடணும்னா ஒரு லிட்டருக்கு 100 கிராம் காய் பிடிக்கும், அமெரிக்கால வெனிலா எக்ஸ்ட்ராக்ட்னு லேபிள் ஒட்டணும்னாலே கிட்டத்தட்ட இந்த அளவு காயும் 35 சதவீதம் ஆல்கஹாலும் இருக்கணும்னு சட்டமே இருக்கு. நம்ம ஊர்ல மது சேத்து செஞ்சு விக்கிறதுன்னா அது வேற சட்டத்துக்குள்ள போயிடும், அதனால நான் பாலோடயும் சர்க்கரையோடயும் நிறுத்திக்கிட்டேன். இந்த கணக்க போடாம தோட்டத்துக்கு போனா ஆசைல ரெண்டு கிலோ வாங்கிடுவோம், நம்ம ஊர் மழைக்காலத்துல அத காப்பாத்துறதே பெரிய வேலையா போயிடும்.

இந்த காய் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கணும்

இத தெரிஞ்சுக்காம வெல பேசவே முடியாது. வெனிலா ஒரு ஆர்கிட் கொடி, சொந்த ஊர் மெக்சிகோ. மத்த ஊர்லல்லாம் கொடி நல்லா வளந்தும் காய் பிடிக்கல, ஏன்னா மகரந்தம் சேக்கற பூச்சி அங்க இல்ல. 1841ல ரீயூனியன் தீவுல எட்மண்ட் ஆல்பியஸ்னு ஒரு பையன், 12 வயசு, அடிமையா பொறந்தவன், ஒரு சின்ன குச்சிய வச்சு பூவுக்குள்ள இருக்கற தடுப்ப தூக்கி ரெண்டு பாகத்தையும் விரலால அழுத்தி சேத்துக் காட்டினான், இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அதே வேலையத்தான் கையால செய்றாங்க. பூ ஒரு நாள்தான் இருக்கும், காலைல விரிஞ்சா மத்தியானத்துக்குள்ள தொட்டாகணும், விட்டா வாடி விழுந்துடும். ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு ஆளோட விரல் பட்டது. இத நெனச்சுப் பாத்தாலே வெல ஏன் அப்படி இருக்குன்னு பாதி புரிஞ்சிடும்.

நட்டு மூணாவது வருஷம் வாக்குலதான் பூவே வரும். தென்னிந்தியால மார்கழிலேர்ந்து பங்குனி வரைக்கும் இடத்துக்குத் தக்க பூ, அதுலேர்ந்து 9, 10 மாசம் கழிச்சுதான் காய் முத்தும். இதுல புதுசா வர்றவங்க ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு, பூ தொட்டு ஒண்ணரை மாசத்துலயே காய் முழு நீளத்துக்கு வந்துடும், பாக்க பீன்ஸ் மாதிரி பச்சையா கொழுத்து தொங்கும், சரி ரெடி ஆயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம், ஆனா உள்ள ஒண்ணுமே ஆகியிருக்காது.

இன்னொண்ணு, பச்சைக் காய்ல வாசனையே கிடையாது. பறிச்ச காய 63லேர்ந்து 65 டிகிரி சுடுதண்ணில ரெண்டு மூணு நிமிஷம் முக்கி எடுத்து, கம்பளில சுத்தி பெட்டில வச்சா மறுநாள் சாக்லேட் கலருக்கு வந்துடும். அப்புறம் தெனம் கொஞ்ச நேரம் வெயில், சூடு ஏறினதும் திரும்ப கம்பளில சுத்தி பெட்டிக்குள்ள, இப்படி ஒரு வாரம் பத்து நாள். அதுக்கப்புறம் நெழல்ல தட்டுல பரப்பி வாரக்கணக்குல ஆறவிட்டு, கடைசியா மெழுகுத்தாள் போட்ட மரப்பெட்டில மூடி ரெண்டு மூணு மாசம். நம்ம வீட்ல தாளிப்பு வடகம் போடறத பாத்திருப்பீங்க இல்ல, பகல்ல வெயில், சாயங்காலம் திரும்ப அள்ளி பானைல மூடி வச்சு மறுநாள் மறுபடி வெயில்னு நாள்கணக்குல அம்மா உருட்டிக்கிட்டே இருப்பாங்களே, கிட்டத்தட்ட அதே பொறுமைதான். ஒரு நாள் சோம்பல் பட்டா வடகம் எப்படி நாறிப் போவுமோ இதுவும் அப்படியே.

6 கிலோ பச்சைக் காய் போட்டாதான் 1 கிலோ பதமான காய் வரும். இந்த ஆறுக்கு ஒண்ணுங்கற கணக்க மனசுல வச்சுக்குங்க, வெல பேசும்போது இதுதான் உங்களுக்கு தராசு.

எங்க போறது

டெல்டால வெளையாதான்னு கேப்பீங்க. வெனிலாவுக்கு வருஷம் பூரா பரவலா பெய்யற மழை வேணும், அரை நெழல் வேணும், வேர்ல தண்ணி நிக்கவே கூடாது. நமக்கு மழை மொத்தமும் ஐப்பசி கார்த்திகைல கொட்டுது, மண்ணு களிமண்ணு, தண்ணி நிக்கிற மண்ணுல நெல்லு நிக்கும், வெனிலா வேர் அழுகிடும். அதனால மலையோரம்தான் போவணும். தமிழ்நாட்டுல பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தென்னை பாக்குக்குள்ள ஊடுபயிரா சில பேர் வச்சிருக்காங்க. கேரளால இடுக்கி, வயநாடு, கர்நாடகால குடகு, தட்சிண கன்னடா. நம்ம ஊர்க்காரங்களுக்கு சுலபம் ரெண்டு வழி, மயிலாடுதுறை கோயம்புத்தூர் ஜன் சதாப்தி கும்பகோணம் தஞ்சாவூர் வழியாத்தான் போவுது, மத்தியானம் ஏறினா ராத்திரி கோயம்புத்தூர், மறுநாள் காலைல உக்கடத்துலேர்ந்து பொள்ளாச்சி பஸ். இடுக்கின்னா திருச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் போய் குமுளி ஏறிடணும், அங்க நெறய பேருக்கு தமிழ் நல்லாவே வரும்.

ஆள கண்டுபிடிக்கிறதுக்கு குறுக்கு வழி கிடையாது. வெனிலா விவசாயின்னு தனியா ஒருத்தர் இருக்க மாட்டாரு, மிளகு, ஏலக்காய், பாக்கு வச்சிருக்கறவரு ஓரமா நூறு கொடி வச்சிருப்பாரு, அதனால நீங்க வெனிலாவ தேடாம மிளகு வாங்குற எடத்துல விசாரிங்க. எனக்கு கெடைச்சதே அப்படித்தான், மிளகு வாங்கப் போன எடத்துல பக்கத்து தோட்டத்துக்காரர காட்டினாங்க. கேரளால ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் கிருஷி பவன்னு அரசாங்க விவசாய ஆபீஸ் இருக்கு, அங்க கேட்டா யார் யார் வச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க. வெனிலா மத்திய அரசோட ஸ்பைசஸ் போர்டு கீழ வர்ற பயிர், அவங்க தலைமை ஆபீஸ் கொச்சில இருக்கு, ஏலக்காய் ஏரியால களப் பணியாளர்கள் இருக்காங்க, அவங்ககிட்டயும் கேக்கலாம். விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி எதாவது அந்தப் பக்கம் இருந்தா இன்னும் நல்லது.

அவங்க ஏன் நம்மள சந்தேகமா பாப்பாங்க

இத தெரிஞ்சுக்கிட்டு போங்க, இல்லன்னா மொதல் பேச்சுலயே மனசு கசந்துடும். உலகத்துல விக்கிற வெனிலாவுல பெரும்பங்கு மடகாஸ்கர்லேர்ந்து வருது. 2000ல ஹூடான்னு ஒரு புயல் அங்க அடிச்சு தோட்டம்லாம் போச்சு, வெல ஏறிக்கிட்டே போய் 2003 வாக்குல பதமான காய் கிலோ 500 டாலர் பக்கம் போச்சு. அத பாத்து கேரளாலயும் கர்நாடகாலயும் ஆயிரக்கணக்கான பேர் கடன் வாங்கி கொடி நட்டாங்க. அவங்க காய் சந்தைக்கு வர்ற நேரம் பாத்து வெல சரிஞ்சுது, 500 இருந்தது 50 டாலருக்கும் கீழ. பச்சைக் காய வாங்க ஆள் இல்லாம கொடிய வெட்டிப் போட்டவங்க நெறய பேரு. மறுபடி 2017ல எனாவோ புயல் வந்தப்ப 600 டாலர் வரைக்கும் போச்சு, 2023ல மடகாஸ்கர் அரசு கிலோவுக்கு 250 டாலர்னு வச்சிருந்த குறைஞ்சபட்ச ஏற்றுமதி வெலய எடுத்ததும் திரும்ப விழுந்துச்சு. எங்கயோ ஒரு தீவுல காத்து அடிக்கிறது ஆனைமலைல ஒருத்தரோட பொண்ணு கல்யாணத்த தள்ளிப் போடுது. கஜா புயல்ல ஒரே ராத்திரில தென்னை மொத்தமும் சாஞ்சத பாத்த பட்டுக்கோட்டை பேராவூரணிக்காரங்களுக்கு இத நான் வெளக்க வேண்டியதில்ல.

அப்படி ரெண்டு தடவை அடி வாங்கியும் கொடிய வெட்டாம வச்சிருக்கறவருகிட்ட போய் "நான் வெனிலா வாங்க வந்திருக்கேன்"னு சொன்னா, இவனும் ஒரு வருஷம் வந்துட்டு மறு வருஷம் காணாம போவான்னுதான் நெனப்பாரு. அவரு நெனக்கிறது நியாயம்தான்.

போன்ல மொதல் பேச்சு

நம்பர் கெடச்சதும் எடுத்த எடுப்புல கிலோ என்ன வெலன்னு கேக்காதீங்க. யாருன்னு சொல்லுங்க, எந்த ஊரு, என்ன செய்றீங்க, வருஷத்துக்கு எவ்வளவு தேவைப்படும்னு சொல்லுங்க. பொள்ளாச்சி பக்கம்னா "அண்ணா"ன்னு கூப்புட்டு வாங்க போங்கன்னு ங்க போட்டே பேசுங்க, அங்க ங்க விட்டுப் போனா மரியாதை கொறஞ்ச மாதிரி எடுத்துக்குவாங்க, இடுக்கின்னா சேட்டன், சேச்சி. அப்புறம் மெதுவா கேளுங்க, எத்தனை கொடி இருக்குங்க, பூ எப்ப தொட்டீங்க, காய் எந்த மாசம் பறிச்சீங்க, ஒரேயடியா பறிச்சீங்களா இல்ல பழுக்க பழுக்க ஒவ்வொண்ணா பறிச்சீங்களா, நீங்களே பதப்படுத்துறீங்களா இல்ல பச்சையா குடுத்துடறீங்களா, பெட்டில எவ்வளவு நாள் வச்சிருந்தீங்க. இந்தக் கேள்விக்கெல்லாம் தேதியோட பதில் வந்தா அவரு சொந்தமா செய்றவரு. "எல்லாம் முதல் தரம் சார், எவ்வளவு வேணும்னாலும் இருக்கு"ன்னு மட்டும் பதில் வந்தா வெச்சுடுங்க, சிறு விவசாயிகிட்ட எவ்வளவு வேணும்னாலும் இருக்காது.

சில பேரு பச்சையா மட்டும்தான் குடுப்பாங்க. நாமளே வாங்கி வந்து பதப்படுத்திக்கலாமேன்னு தோணும். மொதல் வருஷம் வேண்டாம். பறிச்ச சில நாளுக்குள்ள வேலைய தொடங்கிடணும், பறிப்பு நடக்கறது ஐப்பசி கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும், அதுல முன்பாதி நமக்கு அடைமழை, வெயிலே இருக்காது.

நேர்ல ஒரு தடவையாவது போங்க

எந்த மாசம்னா, பதமான காய் கைக்கு வர்றது பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும், அப்ப ஒரு தடவை. முடிஞ்சா காய் முத்துற சமயத்துல கார்த்திகை மார்கழி வாக்குல இன்னொரு தடவை. கொடில காய பாருங்க, அடி நுனில லேசா மஞ்சள் ஏற ஆரம்பிச்சிருக்கணும், அதுதான் பறிக்கிற பக்குவம். ஒரே கொத்துல எல்லா காயும் ஒண்ணா பழுக்காது, அதனால ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை போய் பாத்து பாத்துதான் பறிக்கணும்.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயத்துக்கு வந்துட்டேன். பிஞ்சுல பறிச்ச காய்தான் இந்தத் தொழிலோட பெரிய சீக்கு, மணம் இருக்காது, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஏன் பிஞ்சுல பறிக்கிறாங்க? விவசாயிக்கு தெரியாமயா? அவருக்கு நம்மள விட நல்லாவே தெரியும். ஒண்ணு திருட்டு, வெல ஏறின வருஷம் ராத்திரில கொடியோட அறுத்துட்டுப் போயிடுவான், மடகாஸ்கர்ல பச்சைக் காய் மேலயே ஊசியால குத்தி தன்னோட அடையாளத்த பச்சை குத்தி வைக்கிறாங்க, அந்த அளவுக்கு. இன்னொண்ணு பணமுடை. எங்க அப்பா மூணு மா நெலத்துல சம்பா போடறவரு. கடன் தவணை நெருங்கின வருஷத்துல நெல்ல காய வைக்கக்கூட பொறுக்காம களத்துலயே வியாபாரிகிட்ட போட்டுடுவாரு, ரெண்டு வெயில் காட்டி ஈரப்பதம் 17க்குள்ள கொண்டாந்தா கொள்முதல் நெலையத்துல போடலாம்னு தெரியும், ஆனா அங்க வரிசைல மூட்டைய போட்டுட்டு எத்தனை நாள் காவல் கெடக்கறது. அந்த ரெண்டு வெயிலுக்கு காத்திருக்க முடியாததுதான் அவருக்கு நஷ்டம், மழைல நனைஞ்ச மூட்டை பக்கத்துல அவரு குந்தியிருந்தத பாத்து வளந்தவன் நான். நான் காய் வாங்குற ஆனைமலை அண்ணன் மொத தடவை "என்னங்க பண்றது, ஒரு மாசம் முன்னாடியே பறிச்சுப் போட்டுட்டேனுங்க"ன்னு சொன்னப்ப எனக்கு அப்பா மொகம்தான் தெரிஞ்சுது.

அதனால நல்ல காய் வேணும்னா அட்வான்ஸ் குடுங்க. காய் கொடில இருக்கும்போதே, புரட்டாசி ஐப்பசி வாக்குல, நீங்க வாங்கப் போற அளவுக்கு ஒரு பங்கு பணத்த முன்னாடியே குடுத்துடுங்க. நான் மூணுல ஒரு பங்கு குடுக்கறேன். அந்தப் பணம் அவரு கைல இருந்தா மஞ்சள் ஏறற வரைக்கும் விட்டு வைப்பாரு, காவலுக்கு ஒரு ஆள் போடுவாரு. அட்வான்ஸ் குடுக்க ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து எனக்கு வந்த காயே வேற காய்.

பயமா இருந்தா சின்னதா ஆரம்பிங்க, 100 கிராமுக்கு மட்டும். ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக்குங்க, எத்தனை கிராம், எந்த தரம், வெல என்ன, பாக்கி எப்ப, மழையால பூ கொட்டிப் போச்சுன்னா இந்தப் பணம் அடுத்த வருஷத்துக்கு போவுமா திரும்ப வருமா, ரெண்டு பேரும் கையெழுத்து. பணத்த பேங்க் வழியாவோ யுபிஐலயோ போடுங்க, ரெண்டு பேருக்கும் கணக்கு நிக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி காய சோதிக்கிறது

எனக்கு நடந்தத சொல்லிடறேன். தொழில் தொடங்கின ரெண்டாவது வருஷம் தோட்டத்துக்கு போகாம ஒரு வியாபாரிகிட்ட அரை கிலோ வாங்கினேன், காத்து உறிஞ்சின பாக்கெட், வெளியேர்ந்து பாத்தா கருகருன்னு எண்ணெய் வச்ச மாதிரி மின்னுது. ஐப்பசில ஒரு பாக்கெட்ட தெறந்தா புளிச்ச வாடை, அஞ்சு நாள்ல வெள்ளையா பூத்துடுச்சு, மத்த பாக்கெட்டும் அதே கதை. அரை கிலோவையும் குப்பைல கொட்டினேன். ஈரத்தோட, அரைகுறையா பதப்படுத்தின காய பாக்கெட்ல அடைச்சா எடையும் நிக்கும் மினுமினுப்பும் நிக்கும், தெறந்தாதான் தெரியும். அதனால பாக்கெட்ட உங்க முன்னாடி தெறக்கச் சொல்லுங்க, தெறக்க மாட்டேன்னா வாங்காதீங்க.

கைல எடுத்து விரல்ல சுத்திப் பாருங்க, ஒடையாம தோல்வாரு மாதிரி வளையணும், விட்டா மெதுவா நிமிரணும். அழுத்தினா தண்ணி கசியக் கூடாது, விரல்ல லேசா எண்ணெய்ப் பசை ஒட்டலாம். நேரடியா சமையலுக்கு போடற காய்ல ஈரப்பதம் 30, 35 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், எக்ஸ்ட்ராக்ட்டுக்கு வாங்குற காய் இன்னும் காஞ்சு 20, 25ல இருக்கும். நெல்லுக்கு ஈரப்பதம் பாத்த கைக்கு இது ரெண்டு மூணு தடவைல பிடிபட்டுடும். ஈரத்துக்கு நாம காசு குடுக்கறோம்ங்கறத மறக்காதீங்க, ஒரே வெலைல ரெண்டு பேரு சொன்னா காஞ்ச காய்தான் லாபம்.

சில காய் மேல வெள்ளையா படிஞ்சிருக்கும், அத பாத்து பயந்து தள்ளிடாதீங்க, வெளிச்சத்துல காட்டுங்க. ஊசி ஊசியா கண்ணாடித் தூள் மாதிரி மின்னினா அது வெனிலின் படிகம், ரொம்ப நல்ல காய்க்குத்தான் அப்படி வரும். மங்கலா பஞ்சு மாதிரி இருந்து மக்கின வாடை அடிச்சா பூஞ்சை, அது பக்கத்துல இருந்த காயையும் சேத்து ஒதுக்குங்க.

வாடை பாக்கும்போது பெட்டிய தெறந்ததும் அடிக்கிற மொத வாடைய நம்பாதீங்க, ஒரே ஒரு காய வெளிய எடுத்து ஒரு தாள் மேல கால்மணி நேரம் வச்சுட்டு அப்புறம் மோந்து பாருங்க. ஏற்கனவே ஆல்கஹால்ல ஊற வச்சு சாரம் எடுத்த சக்கைக் காயையும் காய வச்சு விக்கிறாங்க, அது கருப்பா அழகா இருக்கும், தனியா வச்சா வாசனை நிக்காது. கடைல ஐஸ்கிரீம்ல தெரியற கருப்புப் புள்ளி பல சமயம் அந்தச் சக்கை விதைதான்.

நுனி வெடிச்ச காய்னு தனியா பிரிச்சு வச்சிருப்பாங்க, வெல கொறச்சு குடுப்பாங்க. நல்லா பழுத்ததாலதான் அது வெடிச்சிருக்கு, மணத்துக்கு ஒரு கொறையும் இல்ல, அழகுக்குத்தான் கொற. கேக் மேல காய வச்சு அலங்காரம் பண்ணப் போறதில்லன்னா அதையே கேட்டு வாங்குங்க. நீளம் 15 சென்டிமீட்டருக்கு மேல இருக்கறது முதல் தரம்னு வெல கூட, நமக்கு பால்ல போடறதுக்கு 12 சென்டிமீட்டர் காய் போதும்.

வெல

இங்க நான் ரூபாய் எதுவும் எழுதப் போறதில்ல, எழுதி முடிக்கறதுக்குள்ள மாறிடும். அந்த வாரம் பச்சைக் காய் என்ன வெல போவுதுன்னு ரெண்டு எடத்துல விசாரிச்சுக்குங்க, அத ஆறால பெருக்குங்க, அதுக்கு மேல அஞ்சு மாச வேலைக்கு கூலி. இந்தக் கணக்குக்கும் கீழ ஒருத்தர் பதமான காய் தர்றேன்னா ஒண்ணு அது பிஞ்சு, இல்ல சக்கை, இல்ல ஈரம். கணக்குக்கு கிட்ட சொன்னா பேரம் பேசாதீங்க. மார்க்கெட்ல கத்தரிக்காய்க்கு பேசற மாதிரி இதுல பேசினா அவரு கொறச்சும் குடுத்துடுவாரு, ஆனா அடுத்த வருஷம் நல்ல பெட்டி வேற ஆளுக்கு போயிடும். 100 கிராமுக்காக அவ்வளவு தூரம் போறது கட்டாதுன்னா உங்க ஊர்ல கேக் போடறவங்க நாலு பேரு சேந்து அரை கிலோவா வாங்கி பிரிச்சுக்குங்க, விவசாயிக்கும் ஒரே ஆளுகிட்ட பேசற நிம்மதி.

தன் சொந்த நெலத்து விளைச்சல விக்கிற விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல, அதனால பில்லு குடுன்னு படுத்தாம ஒரு ரசீதுல தேதி, எடை, தொகை எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க. நீங்க செஞ்சு விக்கிறதுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு வேணும், அது தனி.

கொண்டாந்து வைக்கிறது

பஸ்ல வர்றப்ப காய பட்டர் பேப்பர்ல சுத்தி தகர டப்பால போட்டு கைப்பைலயே வச்சுக்குங்க. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை வாடை ஏறிடும். காபித்தூள், கற்பூரம், ஊதுபத்தி இருக்கற பைல போடவே கூடாது, வெனிலா பக்கத்துல இருக்கற வாடைய இழுத்துக்கும். கூரியர்ல வாங்கறதா இருந்தா ஐப்பசி கார்த்திகைய தவிர்த்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்க மூடி இருட்டு அலமாரில வைங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், காயும் காஞ்சு வெறைச்சுப் போவும், உள்ள ஈரம் கோத்து பூஞ்சையும் பிடிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தெறந்து ஒரு நிமிஷம் காத்து காட்டி ஒவ்வொண்ணா பாருங்க, மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை. ஒரு காய்ல பூஞ்சை கண்டா அத தூக்கிப் போட்டுட்டு பாட்டில மாத்துங்க. ஒரே பாட்டில்ல எல்லாத்தையும் போடாம மூணா பிரிச்சு வச்சா ஒண்ணு கெட்டாலும் ரெண்டு தப்பிக்கும்.

மொத தடவை போட்டுப் பாக்கறப்ப பால்லயே போட்டுப் பாருங்க. காய நீளவாக்குல கீறி கத்தி முதுகால உள்ள இருக்கற விதைய வழிச்சு, தோலையும் சேத்து சூடான பால்ல போட்டு அடுப்ப அணைச்சு மூடி வச்சுடுங்க, கொதிக்க கொதிக்க வெச்சா மணம் ஆவியோட போயிடும். அப்புறம் தோல எடுத்து கழுவி நல்லா காய வச்சு சர்க்கரை டப்பால சொருகி வைங்க, ரெண்டு வாரத்துல அந்த சர்க்கரையே மணக்கும். பால் பாயசத்துல அரை காய் போட்டு, ஏலக்காய விட்டுட்டு ஒரு தடவை செஞ்சு பாருங்க, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு அமுக்கிடும்.

அடுத்த வருஷத்துக்கு

காய் வாங்கி வந்ததோட விட்டுடாதீங்க. எந்தக் காய் நல்லா இருந்துச்சு எது காஞ்சு போச்சுன்னு அவருகிட்ட சொல்லுங்க, சிறு விவசாயிக்கு தன் காய் கடைசில எங்க போச்சு எப்படி இருந்துச்சுன்னு யாரும் சொன்னதே இருக்காது. நான் ஒரு தடவை ஐஸ் டப்பால கட்டி ஆனைமலை அண்ணன் வீட்டுக் காய் போட்ட ஐஸ்கிரீம பொள்ளாச்சி வரைக்கும் எடுத்துட்டுப் போனேன், பாதி உருகிடுச்சு, வீட்ல எல்லாரும் கிண்ணத்துல ஊத்தி குடிச்சாங்க, அந்த வீட்டு அக்கா பதினஞ்சு வருஷமா பூ தொடறவங்க, நெஜ வெனிலா போட்டு ஒண்ண சாப்புட்டது அன்னிக்குத்தான் மொத தடவைன்னாங்க.

தை மாசம் பூ ஆரம்பிக்கும்போது ஒரு போன் போட்டு இந்த வருஷம் எனக்கு இவ்வளவு வேணும்னு அளவ சொல்லிடுங்க, எத்தனை பூவ தொடறது எத்தனைய விடறதுன்னு அவங்க முடிவு பண்றதுக்கு அது உதவும். ஆனா காலைல கூப்புடாதீங்க, மத்தியானம் வரைக்கும் வீட்ல இருக்கற அத்தனை பேரும் கொடிக்குள்ள நின்னுக்கிட்டு கைல குச்சியோட இருப்பாங்க. ராத்திரி ஏழு மணிக்கு மேல கூப்புடுங்க, அன்னிக்கு எத்தனை பூ தொட்டாங்கன்னு அவங்களே நிதானமா சொல்லுவாங்க.